சத்தமில்லாத வில்

2007இல் கோலாலம்பூர் இரட்டைக் கோபுர இசை மண்டபத்தில் மலேசிய பில்ஹார்மோனிக் இளையோர் இசைக்குழு முதல் கச்சேரி நடத்தியது. பிள்ளைகளைப் பழக்கியவர்கள், மூத்த பில்ஹார்மோனிக் குழுவின் கலைஞர்களே.

அப்படிப்பட்ட ஓர் இளையோர் குழுவில் என் மகளும் வயலின் வாசித்தாள். தோட்டத்துப் பிள்ளை, கடைசி வரிசை. தப்பாகிவிடுமோ என்று பயந்து, வில் தந்தியில் படாமல் கையை மட்டும் அசைத்திருக்கிறாள்.

பயிற்சியாளர் கண்டுகொண்டார், திட்டவில்லை. தம் வயலினோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தப்பாகவே வாசி. காதில் விழுந்தால்தானே திருத்தலாம்" என்றாராம்.

அவள் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. பரீட்சைத் தாளை அவள் ஒளித்து வைத்தது என் பிரம்புக்குப் பயந்துதானே?

உங்கள் பிள்ளையும் எதையாவது ஒளிக்கிறதா? இன்று அதன் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்களேன்!