மாதம் எண்ணும் பெண்கள்

பொம்மசந்திராவுக்கும் சந்திரனுக்கும் சம்பந்தமில்லை. கன்னட நாட்டில் 'சந்திரா' என்று முடியும் ஊர்ப்பெயர்களில் பல 'சமுத்திரம்' என்பதன் தேய்வு என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். சமுத்திரம் என்றால் ஏரி. நம் அம்பாசமுத்திரத்தைப் போல. ஆனால் ஓசூர் சாலையில் இறங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது ஏரி அல்ல. தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள், மருந்துக் கம்பெனிகளின் மதில்கள், 2025 ஆகஸ்டில் இங்கு வந்து சேர்ந்த மெட்ரோ ரயிலின் ராட்சதத் தூண்கள். பிறகு, அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வளாகம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டாக்டர் தேவி ஷெட்டி எழுப்பிய இருதய மருத்துவமனை இன்று ஒரு தனி ஊராகவே வளர்ந்துவிட்டது. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி வருகிறார்கள். அவர்களை நம்பி லாட்ஜுகள், மீன்குழம்புக் கடைகள், வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள்.

இந்தப் பரபரப்புக்கு நடுவே, ஓசூர் பஸ்ஸுக்காக நான் நின்றிருந்தபோது, ஒரு துணிமூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். கட்டட வேலையில் சித்தாள் என்பதை விரல் இடுக்கில் காய்ந்திருந்த சிமென்ட் சொல்லிற்று.

"எத்தனை மாசம்மா?"

"அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குதுக்கா. அம்மா ஊட்டுக்குப் போறேன்."

"ஊர்?"

"அரூர் தாண்டி, கோட்டப்பட்டிக்கு அந்தாண்ட."

இங்கே எந்த டாக்டரிடம் காட்டினாள் என்று கேட்டேன். காட்டவில்லை. கையெட்டும் தூரத்தில் இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே என்றதற்குச் சிரித்தாள். "அது நெஞ்சு வலிக்காரங்களுக்குக்கா. எங்கூர்ல மாசம் தள்ளிப்போனாலே அந்தம்மா வூட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. இங்க யாரு வராங்க?"

அவள் சொன்ன 'அந்தம்மா' யார் என்பது எனக்குத் தெரியும். நான் போய்க்கொண்டிருந்ததும் அந்தத் திசைக்குத்தான்.

ஓசூர், கிருஷ்ணகிரி வரை அகலமான நெடுஞ்சாலை. அங்கிருந்து அரூர் வரை மாந்தோப்புகள். அரூரைத் தாண்டினால் சாலை ஒடுங்கி, காடு இருபுறமும் நெருங்கி வருகிறது. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, கிண்ணம்போல் கிடக்கிறது சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. தர்மபுரி மாவட்டத்தின் விளிம்பு. இங்கு வசிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று யாரும் குழம்ப வேண்டாம். காஞ்சிபுரம் பக்கமிருந்து தங்கள் முன்னோர் மலையேறி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் தமிழர்கள். கூடவே லம்பாடிகளும் இருக்கிறார்கள்.

நிஜமான கேரளத்துக்காரர்கள் இருவர் 1990களின் தொடக்கத்தில் இங்கு வந்தார்கள். டாக்டர் ரெஜி ஜார்ஜ், அவர் மனைவி டாக்டர் லலிதா. ஆலப்புழையில் படித்து, காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். அப்போது இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த 1,000 குழந்தைகளில் 147, முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே மண்ணுக்குள் போயின. நாடு முழுவதும் அந்த எண் 75-ஐ ஒட்டி இருந்த காலம் அது. ஓர் ஆபரேஷன் என்றால் சேலத்துக்கோ தர்மபுரிக்கோ போக வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம், பிரசவ வலி காத்திருக்குமா?

1993-இல் ஊர்க்காரர்கள் கட்டிக்கொடுத்த ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கியது. 100 வாட் பல்பு வெளிச்சத்தில் வைத்தியம் நடந்ததை வெளியூர்ப் பத்திரிகைகள் வியந்து எழுதியிருக்கின்றன. வியக்க வேண்டியதுதான். ஆனால் பல்பை மட்டும் பார்த்தவர்கள் முக்கியமான விஷயத்தைத் தவறவிட்டார்கள். குழந்தைச் சாவு எண்ணிக்கை பின்னாளில் 20-ஐ ஒட்டி இறங்கியதற்குக் காரணம் ஆஸ்பத்திரிக் கட்டடம் மட்டுமல்ல. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத உள்ளூர்ப் பெண்கள் பலர் அதற்குக் காரணம்.

இளம் பெண்கள் சிலருக்கு லலிதா நர்ஸ் வேலையைச் சொல்லிக்கொடுத்தார். அவர்களே பிரசவம் பார்க்கும் அளவுக்குத் தேறினார்கள். கிராமந்தோறும், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற, ஊர் மதிக்கிற பெண் ஒருவர் சுகாதார ஊழியராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். யார் வீட்டில் யாருக்கு மாதம் தள்ளிப்போயிருக்கிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். டாக்டருக்குத் தெரிவதற்குள் ஐந்து மாதம் ஆகிவிடும்.

இதை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது 'சமூகம் சார்ந்த சுகாதார ஆதரவு' என்று எழுதி எனக்கே அலுத்துவிட்டது. அந்தத் தொடரில் உயிரில்லை. மாதம் எண்ணும் பெண் என்றால் யாருக்கும் புரியும்.

எண்ணுவது மட்டுமா வேலை? கர்ப்பிணிகளின் பெரிய எதிரி ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு அது உண்டு. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் சோகை என்று கணக்கு. அப்படிப்பட்ட உடம்பு, பிரசவத்தில் சாதாரணமாகப் போகும் ரத்தத்தைக்கூடத் தாங்காது. தீர்வு என்னவோ எளிது: நான்காம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாட்கள், நாளுக்கு ஒரு இரும்புச்சத்து மாத்திரை. அரசு இலவசமாகவே கொடுக்கிறது. ஆனால் மாத்திரை குமட்டும், மலம் கறுக்கும். பயந்துபோய் கூரையில் செருகி வைத்துவிடுகிற பெண்கள் ஏராளம். கறுப்பது இயல்பு, சாப்பாட்டுக்குப் பின் உடனே டீ குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது, நெல்லிக்காய் தின்றால் ஒட்டும் என்பதையெல்லாம் சுவரொட்டி சொல்வதற்கும் பக்கத்து வீட்டு அக்கா சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெருத்து, பிரசவம் கஷ்டமாகும் என்ற பயம் இந்தியாவின் பல கிராமங்களில் உண்டு. அதை வெளியாள் கேலி செய்தால் எடுபடாது. நாலு பிள்ளை பெற்றவள் மறுத்தால் எடுபடும். அவள் சிபாரிசு செய்யும் சாப்பாடும் எட்டாதது அல்ல. கேழ்வரகு, சாமை, கீரை, பயறு. எல்லாம் அந்த மண்ணில் விளைபவை. ரேஷன் அரிசி வந்த பிறகு மதிப்புக் குறைந்துபோன தானியங்கள்.

சிட்டிலிங்கி தனி அதிசயம் அல்ல என்பதுதான் தெம்பு தரும் செய்தி. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியினர் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, வீட்டிலேயே பச்சிளம் குழந்தைகளைக் காப்பாற்ற முடியும் என்று 1999-இல் 'லான்செட்' இதழில் நிரூபித்தார்கள். அந்த முறையை 2011-இல் அரசே 'ஆஷா' ஊழியர்கள் வழியாக நாடெங்கும் கொண்டுபோனது. கர்நாடகத்தில் பிளிகிரிரங்கன மலையில் டாக்டர் சுதர்சன் 1981-லிருந்து சோளிகர்களிடையே செய்துவரும் வேலையும் இதே வழியில்தான். ஊர்ப் பெண்ணை நம்புவது என்பது இவர்கள் எல்லோருக்கும் பொதுவான மருந்து.

ஆனால் அந்த மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. மாதம் எண்ணும் பெண் தன் ஊர்த் தெருவில்தான் நடக்கிறாள். மழை பொய்த்து, கடன் ஏறி, இளம் ஜோடிகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறும்போது அவள் கூட வர முடியாது. இங்கும் அங்கன்வாடி இருக்கிறது, ஆஷா ஊழியர் இருக்கிறார், பதிவு செய்த கட்டடத் தொழிலாளிக்குப் பிரசவ உதவியும் உண்டு. ஆனால் பாஷை தெரியாத ஊரில், தகரக் கொட்டகையில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையிடம் மாறும் பெண்ணின் பெயர் எந்த நோட்டில் இருக்கும்?

திரும்பி வரும்போது பொம்மசந்திராவில் இரவாகிவிட்டது. ஆஸ்பத்திரி வளாகம் விளக்கொளியில் ஜொலித்தது. சாலைக்கு அப்பால் பாதி எழும்பிய கட்டடம் ஒன்றின் அடியில் தகரக் கொட்டகைகள், வரிசையாக அடுப்பு வெளிச்சம். அங்கே எத்தனை பேருக்கு எத்தனை மாதம் என்று கேட்டால் பதில் சொல்ல யாருமில்லை. இந்த ஊருக்கும் ஓர் 'அந்தம்மா' வேண்டும். அவளுக்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும். ஒடியாவும் இந்தியும் கொஞ்சம் தெரிந்தால் இன்னும் நல்லது.