பத்துமலைக்குப் பயிற்சி எடுக்கும் பக்தர்கள் கவனத்திற்கு



தைப்பூசத்துக்கு விரதம் மட்டும் போதாது, நெஞ்சும் தாங்கணும்னு போன வருசம்தான் எங்களுக்குப் புரிஞ்சது. எங்க தொண்டூழியர் குழு அண்ணன் ஒருவர், வயசு 54, பால்குடத்தோட ஏறும்போது பாதிப் படிக்கு மேல முகம் வெளுத்து உட்கார்ந்துட்டார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம், இதயத் துடிப்பு 96னு காட்டுது. "ஒண்ணுமில்லண்ணே, நல்லாத்தான் இருக்கு"ன்னு எழுப்பவும் பார்த்தோம். முதலுதவித் தம்பி கழுத்துல விரல் வச்சு எண்ணினா 160க்கு மேல! அப்படியே ஏத்திவிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப நினைச்சாலும் கை நடுங்குது.

தொழிற்சாலையில மீட்டர் தப்பா காட்டினா லைனையே நிறுத்துறோம். உடம்பு விசயத்துல மட்டும் சோதிக்காமலே நம்பிட்டோம்.

கடிகாரம் மணிக்கட்டுல பச்சை வெளிச்சம் பாய்ச்சி, தோலுக்கு அடியில ரத்தம் ஓடுறதை வச்சுக் கணக்குப் போடுது. சும்மா உட்கார்ந்திருந்தா பெரும்பாலும் சரியா இருக்கும். குடத்தை இறுக்கிப் பிடிச்சு, கை மடங்கி, வேர்த்து ஊத்தும்போது தடுமாறும். சில சமயம் கால் வைக்கிற வேகத்தையே துடிப்புன்னு எண்ணிடும்.

நெஞ்சுல கட்டுற பட்டை வேற. இசிஜி மாதிரி இதயத்தோட மின் அதிர்வையே பிடிக்குது. போலார் எச்10 பேர் போனது, ஆனா எங்க கைக்கு விலை அதிகம். 100 வெள்ளிக்குள்ள சாதாரணமா ரெண்டு வாங்கி மாத்தி மாத்திக் கட்டுறோம். புளூடூத்ல கைப்பேசியோட சேரும். கட்டும் முன்னாடி உட்புறத்தைத் தண்ணியில நனைக்கணும். எங்க ஆளுங்க காய்ஞ்சபடியே கட்டிட்டு, "பட்டை கெட்டுப்போச்சு"ன்னு ரெண்டு நாள் சண்டை! அலகு குத்துறவங்களுக்கு அன்னைக்கு இது ஒத்துவராது, பயிற்சிக்கு மட்டும்தான்.

எதை வாங்கினாலும் ரெண்டு மாடி ஏறி நின்னு, கழுத்துல 15 விநாடி எண்ணி நாலால பெருக்கி ஒப்பிட்டுப் பாருங்க. 220ல வயசைக் கழிச்சா உச்ச அளவுன்னு சொல்வாங்க. அண்ணனுக்கு அது 166. வெறும் உத்தேசம்தான். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுக்கிறவங்களுக்குத் துடிப்பு குறைவாவே ஏறும், அவங்க டாக்டரைக் கேட்டுக்கணும். எந்த எண் காட்டினாலும் நெஞ்சு வலிச்சா, தலை சுத்தினா நின்னுடுங்க.

அண்ணன் இப்ப மாத்திரை சாப்பிடறார். இந்த வருசமும் 272 படியும் பால்குடத்தோடதான்னு நிக்கிறார். அண்ணி இன்னும் சரின்னு சொல்லல.

ஞாயிறு காலை 6.30க்குக் கோயில் வாசல்ல கூடுறோம். பட்டை ரெண்டும் எங்ககிட்ட இருக்கும், தண்ணி போத்தல் மட்டும் கொண்டு வாங்க.