ரோட்டரி வச்சிருக்கிறவங்க

1991 லெ மான்ஸ் பந்தய வீடியோ ஒண்ணு இன்னிக்குக் கண்ணுல பட்டுச்சு.
ரோட்டரி இன்ஜின் வச்ச மாஸ்டா 787பி. அது அலறுற சத்தம் இன்னும் காதுலயே நிக்குது.

மாஸ்டா, ஹிரோஷிமாவுல 1920ல கார்க் (தக்கை) செய்யுற கம்பெனியா ஆரம்பிச்சவங்க.
1931ல மூணு சக்கர வண்டி.
1945 ஆகஸ்ட்ல அணுகுண்டு விழுந்தப்போ, நடுவுல ஹிஜியாமா குன்று இருந்ததால தொழிற்சாலை தப்பிச்சுது. ஊரு தப்பிக்கல.
அந்த டிசம்பர்லயே மறுபடி வண்டி செய்ய ஆரம்பிச்சுட்டாங்க!

அப்புறம்தான் ரோட்டரி இன்ஜின்.
பிஸ்டன் கிடையாது. முக்கோண ரோட்டர் சுத்தும்.
ஆரம்பத்துல ரோட்டர் முனையில இருக்கிற சீல் இன்ஜினோட உட்சுவரை வரிவரியாக் கீறிச்சு.
யமமோட்டோ கெனிச்சி தலைமையில ஒரு குழு விடாம மல்லுக்கட்டி அதைச் சரிபண்ணுச்சு.
1967ல அந்த இன்ஜினோட காஸ்மோ ஸ்போர்ட் கார் ரோட்டுக்கு வந்துச்சு.

மாஸ்டாவோட ரோட்டரி கார்களான ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 வச்சிருக்கிறவங்க பாடு தனி.
இந்த இன்ஜின் ஆயிலையும் கொஞ்சம் கொஞ்சமா எரிக்கும். அதோட அமைப்பே அப்படித்தான்.
பெட்ரோல் போடுறப்பல்லாம் டிப்ஸ்டிக்கை உருவி, துடைச்சு, திரும்ப விட்டுப் பார்க்கணும்.
சூடாகுறதுக்குள்ள அணைச்சா, அடுத்த தடவை பெட்ரோல் தேங்கிக் கிளம்பாமப் போகலாம்.
மைலேஜும் கம்மி. சீல் தேஞ்சா இன்ஜினையே பிரிக்கணும்.

இவ்வளவும் தெரிஞ்சே அதை விக்க மனசு வராதவங்க உலகம் பூரா இருக்காங்க.
அவங்க மேல எனக்குப் பெரிய மரியாதை.

ஒரு வண்டி மேல பாசம் வர்றது அது தர்ற நிம்மதியாலயா, இல்ல அது கேக்குற கவனிப்பாலயா?
நீங்க என்ன நினைக்கிறீங்க?