இருக்கன்குடியும் டென்னிஸ் மட்டையும்

சாத்தூரிலிருந்து கிழக்கே சுமார் 8 கிலோமீட்டர் தூரத்தில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்திருக்கிறது இருக்கன்குடி. இரு கங்கைக்குடி என்பதே நாளடைவில் இருக்கன்குடி என்று மருவியது என்பர். கங்கை என்றதும் கரைபுரளும் வெள்ளத்தை எண்ணிக் கொண்டு வருகிறவர் ஏமாந்து போவார். ஆண்டின் பெரும்பாகம் இவ்விரு ஆறுகளிலும் மணல்தான் கிடக்கிறது. கரையெங்கும் சீமைக் கருவேல் மண்டியிருக்கிறது. ஆனால் ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமையன்று வந்து பாருங்கள்! தண்ணீர் ஓடாத அந்த மணலில் ஜன சமுத்திரமே அலைமோதும். திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரைச் சீமைகளிலிருந்து வண்டி கட்டிக் கொண்டும், பாத யாத்திரையாகவும் வருகிறார்கள்.

ஸ்தல வரலாறு எளிமையானது. சாணம் பொறுக்க வந்த ஒரு பெண் தன் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். மீண்டும் தூக்கப் போனால் கூடை அசையவில்லை. அங்கே தோண்டிப் பார்த்தபோது மாரியம்மன் சிலை அகப்பட்டது. அரசர் கனவில் வந்து ஆணையிட்ட தெய்வங்கள் நம் நாட்டில் அநேகம். சாணக் கூடையைப் பிடித்து நிறுத்திய தெய்வத்தின் மீது எனக்குத் தனியான ஒரு பிரியம் உண்டு.

இங்கே வருகிறவர்களின் பிரார்த்தனைகளும் அப்படிப்பட்டவையே. மழை வேண்டும், அம்மை தணிய வேண்டும், கண்ணொளி வேண்டும். நோய் தீர்ந்தவர்கள் வெள்ளியில் கண்மலரும் கையும் காலும் செய்து செலுத்துகிறார்கள், மொட்டை போடுகிறார்கள், அக்கினிச் சட்டி எடுக்கிறார்கள். சிவகாசிப் பக்கத்து ஜனங்களுக்கு மற்றொரு வேண்டுதலும் உண்டு. வெடிமருந்தின் நடுவே வேலை செய்யப் போனவர்கள் மாலையில் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும் என்பதே அது.

இவற்றிடையே, தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், நான் இதுவரை காணாத பிரார்த்தனை ஒன்றைக் கண்டேன். சுமார் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தேங்காய் பழத் தட்டுக்குப் பதிலாக ஒரு டென்னிஸ் மட்டையை ஏந்திக் கொண்டு வரிசையில் நின்றாள். உடன் நின்ற தகப்பனாரை நான் அறிவேன். சிவகாசியில் காலண்டர் அச்சிடும் சிறிய அச்சுக்கூடம் ஒன்றின் சொந்தக்காரர்.

"என்ன அண்ணாச்சி, மட்டைக்கும் மொட்டையா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இல்லை சார். பாப்பா பந்தயத்தில் ஜெயித்தால் மட்டையை அம்மன் காலடியில் வைத்து எடுப்பதாக இவள் அம்மா நேர்ந்து கொண்டாள். ஜெயித்து விட்டாள். இனிமேல்தான் கஷ்டம்."

"ஜெயித்த பிறகு என்ன கஷ்டம்?"

"படிப்பைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம், இதையே தொழிலாக எடுத்துக் கொள்ளட்டும் என்கிறார் மதுரையில் சொல்லிக் கொடுக்கிறவர். நீங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார். நீங்களே சொல்லுங்கள், அனுப்பலாமா?"

தரிசனம் முடிந்து வேப்ப மர நிழலில் பொங்கல் பொங்கும் வரையில் இதைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தோம். நான் அவருக்குச் சொன்னது ஒரு செக் தேசத்துப் பெண்ணின் கதை. லிண்டா ஃப்ருஹ்விர்தோவா என்பது அவள் பெயர். நாவைச் சிறிது பழக்கினால் வந்துவிடும். 2005-ல் பிராக் நகரில் பிறந்தவள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்காகப் பிரான்ஸில் தார்ப் என்ற ஊரில் நடக்கும் பிரசித்தி பெற்ற பந்தயத்தில் 2019-ல் வெற்றி பெற்றாள். அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் தங்கை பிரெண்டா வென்றாள். 2022 செப்டம்பரில், பதினேழாவது வயதில், லிண்டா சென்னைக்கு வந்தாள். நுங்கம்பாக்கம் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் அவளுக்கு எதிரே நின்றவர் போலந்தின் மக்டா லினெட், வயது முப்பது. முதல் செட் 4-6 என்று போயிற்று. இரண்டாவது 6-3 என்று வந்தது. மூன்றாவதில் 1-4 என்று பின்தங்கியிருந்த அந்தப் பெண், தொடர்ந்து ஐந்து கேம்களை எடுத்துக் கோப்பையை வென்றாள். தொழில்முறைச் சுற்றில் அவள் பெற்ற முதல் பெரிய பட்டம் அது.

"அப்புறம்?" என்றார் அண்ணாச்சி. பாதிக் கதையில் எழுந்து போகிற மனிதரல்ல அவர்.

அப்புறம் நடந்ததுதான் அவர் கேட்க வேண்டிய பகுதி. 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் நான்காவது சுற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் உலக வரிசையில் 49-வது இடம். 2024-லோ முதல் நூறு பேரின் வரிசைக்கே வெளியே போய்விட்டாள். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. நம் ஊரில் கல்லூரியின் இரண்டாம் ஆண்டுப் பரீட்சை எழுதுகிற வயது.

சிறுவர் பந்தயத்தில் எதிரே நிற்பவள் தன் வயதுக்காரி. தோற்றால் அழுதுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். தொழிலில் எதிரே நிற்பவளுக்கு அதுதான் ஜீவனம். கீழ்ப்படியில் நடக்கும் பந்தயங்களில் மொத்தப் பரிசே 15,000 டாலர். அதை அத்தனை பேரும் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். முதல் சுற்றில் தோற்றவளுக்குக் கிடைப்பது வந்து போன செலவுக்குக் காணாது. சென்னைப் பந்தயத்தின் பரிசுத் தொகை இரண்டரை லட்சம் டாலருக்குச் சற்று அதிகம். இந்த இரண்டு படிகளுக்கும் இடையேதான் குழந்தைகள் காணாமற் போகிறார்கள். குழந்தைகளை அளவுக்கு மீறி ஓட்டிய அனுபவத்தின் பேரில், பதினெட்டு வயது நிறையாத பெண்கள் ஆண்டில் இத்தனை பந்தயங்களுக்கு மேல் ஆடக் கூடாதென்று 1995 முதல் ஒரு வரம்பு கட்டியிருக்கிறார்கள். நம் பள்ளிக்கூடங்களில் தனிப்பாட வகுப்புகளுக்கும் இப்படி ஒரு வரம்பு வந்தால் தேவலை!

சிறு வயதில் வாங்கிய கோப்பை பின்னால் வருவதைச் சொல்லுமா? விம்பிள்டன் சிறுவர் கோப்பையை 1978-ல் வென்றவர் செக்கோஸ்லோவேகியாவின் இவான் லெண்டில்; 1979-ல் வென்றவர் நம் ரமேஷ் கிருஷ்ணன். இருவருமே டென்னிஸ் குடும்பத்துப் பிள்ளைகள். லெண்டில் 270 வாரங்கள் உலகத்தின் முதல் இடத்தில் வீற்றிருந்தார். அழகான ஆட்டத்துக்குப் பெயர் போன ரமேஷ் எட்டிய உயர்ந்த இடம், 1985-ல், 23. அதுவும் அற்ப சொற்பமல்ல. ஆனால் கோப்பையைப் பார்த்து இந்த வித்தியாசத்தை எந்த ஜோசியரும் சொல்லியிருக்க முடியாது.

ரமேஷின் தகப்பனார் ராமநாதன் கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்த தென்காசிக் குடும்பத்துப் பிள்ளை. தென்காசியிலிருந்து சென்னைக்குப் போகும் ரயில் பாதை சிவகாசி வழியாகத்தான் போகிறது என்பதை அண்ணாச்சிக்கு நினைவூட்டினேன். 1954-ல் விம்பிள்டன் சிறுவர் கோப்பையை வென்ற முதல் ஆசியர் அவர். 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் பெரியவர்கள் பந்தயத்தில் அரை இறுதி வரை சென்றார். 1961-ல் அர்ச்சுனா விருதும் பெற்றார். அர்ச்சுனா நதிக்கரையில் அதைச் சொல்லாமல் விடுவதெப்படி? அக்காலத்தில் பணத்துக்கு ஆடினால் விம்பிள்டன் கதவும் டேவிஸ் கோப்பைக் கதவும் அடைபட்டுவிடும். ஜாக் கிரேமர் என்ற அமெரிக்கர் பெருந்தொகை தருவதாக அழைத்தும் கிருஷ்ணன் மறுத்துவிட்டார். விம்பிள்டன் கதவு 1968-ல் திறந்தது.

"அவர் வேண்டாமென்று தள்ளினார். நாங்கள் வேண்டுமென்று கேட்கிறோம், கொடுப்பார் யாரையும் காணோம்" என்றார் அண்ணாச்சி. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

செக் தேசத்தின் ஜனத்தொகை ஏறக்குறைய ஒரு கோடி. தமிழ்நாட்டின் ஜனத்தொகையோ ஏழு கோடிக்கு மேல். அந்தச் சிறு நாடு விம்பிள்டன் ராணிகளை அடுத்தடுத்து அனுப்புகிறது. 2011, 2014 இரண்டு ஆண்டுகளிலும் வென்ற பெட்ரா குவிடோவா, ஃபுல்னெக் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். பதினாறு வயது வரையில் அந்த ஊர்க் களத்தில்தான் பயிற்சி. கற்றுக் கொடுத்த தகப்பனார் பள்ளி ஆசிரியர் என்பதை, என் ஜாதி அபிமானம் என்று எண்ணினாலும் சரி, சொல்லியே தீருவேன். பதினாறுக்குப் பிறகு ப்ரோஸ்தேயோவ் நகரத்துச் சங்கம் அவரை ஏற்றுக் கொண்டது. சிவகாசிப் பெண்ணுக்கும் ஒரு மண் களம் கிடைத்தது. கையில் திறமையும் இருக்கிறது. தாயின் நேர்த்திக்கடனும் இருக்கிறது. இல்லாதது அந்த ப்ரோஸ்தேயோவ்தான். கோயம்புத்தூர்ப் பெண் மாயா ராஜேஷ்வரன் ரேவதி 2025 பிப்ரவரியில், பதினைந்தாவது வயதில், மும்பைப் பந்தயத்தின் அரை இறுதிக்கு வந்தபோது நாடே வியந்தது. மேற்கொண்டு பயில அவள் போன இடம் ஸ்பெயின் தேசத்துத் தீவில் ரஃபேல் நடாலின் பயிற்சிப் பள்ளி.

பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புவது சிவகாசிக்குப் புதிதல்ல. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். அவர்கள் திரும்பி வந்து ஏற்றிய தீக்குச்சியின் வெளிச்சத்தில்தான் ஊரே வளர்ந்தது. ஆனால் தீப்பெட்டித் தொழிலைக் கற்றவர் தோற்றாலும் கற்ற தொழில் கையில் நிற்கும். இருபது வயதில் மட்டையைக் கீழே வைக்கிற பெண்ணுக்கு என்ன நிற்கும்? ஆகையால் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அனுப்புங்கள், ஆனால் பன்னிரண்டாம் வகுப்பை விடாமல் அனுப்புங்கள், மூன்று ஆண்டுச் செலவைக் கையில் வைத்துக் கொண்டு அனுப்புங்கள், கோப்பை வந்தால் தொடர்வது, வராவிட்டால் நிறுத்துவது என்று ஆண்டுதோறும் பஞ்சாயத்து வைக்காதீர்கள்.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து, அதன் பின்புறத்தில் கணக்குப் போடலானார். தொகை ஏற ஏறப் பென்சில் மெதுவாக நகர்ந்தது. "மூன்று வருஷம் அச்சுக்கூடத்துக்குப் புது யந்திரம் வாங்க முடியாது" என்றார்.

"பழைய யந்திரம் ஓடத்தானே செய்கிறது?" என்றார் அவர் மனைவி, பானையைக் கிளறியபடியே.

பெண் இதில் எதிலும் கலந்து கொள்ளவில்லை. பூசாரி குங்குமம் பூசித் திருப்பிக் கொடுத்திருந்த மட்டையை மடியில் வைத்துக் கொண்டிருந்தாள். சட்டத்தில் இருந்த குங்குமத்தைத் தொடாமல், நரம்புகளில் படிந்ததை மட்டும் கைக்குட்டையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஏன் என்று கேட்டேன். "பந்தில் ஒட்டும் சார். நாளைக்குக் காலையில் ஆட்டம் இருக்கிறது" என்றாள்.