ஈடன் போய் வந்த கதை

அண்ணா மெல்பேர்ணில் இருக்கிறார். நான் சிட்னியில் இருக்கிறேன். இரண்டும் ஒரே நாடுதானே, ஆளையாள் அடிக்கடி பார்த்துக் கொள்வார்கள் என்று ஊரில் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். முல்லைத்தீவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையிலான தூரம்போல அவர்களுக்கு ஓர் எண்ணம். புதிதாக வந்திருக்கும் குடும்பங்களும் வரைபடத்தைப் பார்த்து ஏமாறக்கூடும். உள்நாட்டுப் பெருந்தெருவால் போனாலே 900 கிலோமீற்றர் வரும். இரவு வேலை, ஓவர்டைம், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று மூன்று வருடமாக நாங்கள் சந்திக்கவில்லை.

சென்ற புரட்டாதி மாதப் பாடசாலை விடுமுறைக்கு முன் அண்ணா ரெலிபோனில் சொன்னார்: "தம்பி, நீயும் பாதி வா, நானும் பாதி வாறன். அம்மாவின்ர விசயம் நேரில கதைச்சு முடிப்பம்."

கடற்கரைப் பாதையில் அந்தப் பாதி ஈடன் என்னும் சிறு துறைமுக ஊர். சிட்னியிலிருந்து ஏறக்குறைய 480 கிலோமீற்றர். மெல்பேர்ணிலிருந்து 550க்குச் சற்றுக் கூட. ஆகவே, இடம் பார்க்கவென்று நாங்கள் ஈடனைத் தெரிந்தெடுக்கவில்லை. தூரத்தைச் சரிபாதியாகப் பிரித்ததில் அந்த ஊர் அகப்பட்டது.

அதிகாலை நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். மனைவி புளிச்சாதமும் கட்டிச் சம்பலும் செய்து வைத்திருந்தா. போகிற வாசகர்கள் இதைக் கவனியுங்கள்: வழியில் மரக்கறிச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம். ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோயில் வாசலில் காரை நிறுத்தி, கதவு திறக்காத நேரமாகையால் வெளியில் நின்றே கும்பிட்டோம். பிறகு வொலங்கொங், கயாமா, பேற்மன்ஸ் பே, நரூமா என்று ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் பசுந்தரையுமாகப் பாதை போகிறது. பீகா என்ற ஊர் வந்ததும் மகள் துள்ளினாள். எங்கள் வீட்டுச் சீஸ் பெட்டியில் உள்ள பெயர் அதுதான். மாலை மங்கும் நேரத்தில் கங்காருக்கள் தெருவுக்குக் குறுக்கே பாயும். பகலிலேயே போய்ச் சேரப் பாருங்கள்.

ஈடன் துறைமுகத்தில் இறங்கி நின்றபோது எனக்கு நெஞ்சு ஒரு மாதிரியாகி விட்டது. டீசல் மணமும், காயும் வலையின் மணமும் சேர்ந்து அடித்தது. அப்பா கரைவலைச் சம்மாட்டி ஒருவரிடம் வேலை செய்தவர். நான் ஓ.எல். எழுத வேண்டிய 2008ஆம் ஆண்டு மார்கழியில் பரீட்சை எழுதும் நிலையில் எங்கள் பக்கத்தில் எவரும் இருக்கவில்லை. அதன் பிறகு படிப்பும் இல்லை, கடலும் இல்லை. இங்கே வந்த நாள் முதல் பிளாஸ்டிக் மூடிகள் வார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

மறுநாள் காலை குளிர்காற்று. பிள்ளைகளைக் கடற்கரையில் விட முடியாமல் ஊரின் பிரதான வீதியான இம்லே வீதியில் உள்ள நூதனசாலைக்குள் போனோம். கொலைகாரத் திமிங்கில நூதனசாலை என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டு மனைவி முகம் சுளித்தா. உள்ளே முழு நீளத்தில் ஓர் எலும்புக்கூடு நிற்கிறது. 6.7 மீற்றர், அதாவது 22 அடி. அதற்குக் கிழட்டு டொம் என்று பெயர். 1930ஆம் ஆண்டு செப்ரெம்பர் 17ஆம் திகதி இந்தக் குடாவில் இறந்து கிடந்ததாம். அந்த எலும்பைப் பாதுகாக்கவே இந்த நூதனசாலையைத் தொடங்கியிருக்கிறார்கள்.

கொலைகாரத் திமிங்கிலம் என்று சொன்னாலும் ஓர்கா உண்மையில் ஓங்கில் இனத்தைச் சேர்ந்தது. எங்கள் கடலில் வள்ளத்துக்கு முன்னால் துள்ளிக்கொண்டு போகுமே, அந்த ஓங்கில்களின் குடும்பத்தில் இதுதான் ஆகப் பெரியது. கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். இலங்கையில் மிரிஸ்ஸக் கடலிலும் கண்டிருக்கிறார்கள். அப்பா கண்டதாகச் சொன்ன ஞாபகம் எனக்கில்லை.

இந்த ஊரில் நடந்த கதை வேறெங்கும் கேட்டிராத கதை. 1860களிலிருந்து டேவிட்சன் என்ற குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த ருவோஃபோல்ட் குடாவில் திமிங்கிலம் பிடித்தது. துடுப்பு வலிக்கும் வள்ளமும் கையால் எறியும் ஈட்டியுந்தான். குளிர்காலத்தில் பெரிய திமிங்கிலங்கள் கரையோரமாகப் போகும்போது ஓர்காக்கள் கூட்டமாக அவற்றை மறித்துக் குடாவுக்குள் தள்ளிக் கொண்டு வரும். அவற்றில் ஒன்றிரண்டு மட்டும் கயா ஆற்று வாய்க்கு வந்து, டேவிட்சன் வீட்டுக்கு முன்னால் வாலால் தண்ணீரில் ஓங்கி அடிக்கும். இரவென்றாலும் அந்தச் சத்தத்துக்கு ஆட்கள் எழும்பி வள்ளத்தை இறக்குவார்கள். திமிங்கிலம் மூச்சு விட முடியாதபடி ஓர்காக்கள் அதன் மேலே பாயும், ஆழத்துக்குப் போக விடாமல் கீழே நிற்கும். மனிதர் ஈட்டியால் முடிப்பார்கள்.

பிறகு பங்கு. செத்த திமிங்கிலத்தை நங்கூரம் போட்டு ஒரு நாளோ இரண்டு நாளோ கடலிலேயே விட்டு விடுவார்கள். ஓர்காக்கள் நாக்கையும் உதட்டையும் தின்னும். மிச்ச உடல் ஊதி மிதந்ததும் மனிதர் இழுத்து வந்து எண்ணெய் காய்ச்சுவார்கள். இதை 'நாக்குச் சட்டம்' என்று சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் இல்லாத சட்டம். எங்கள் கரைவலையிலும் பங்கு எழுத்தில் இருந்ததில்லை. சம்மாட்டிக்கு இவ்வளவு, வலை இழுத்தவனுக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். பங்கில் பிழை விட்டால் அடுத்த நாள் வலை இழுக்க ஆள் வராது. ஓர்காவும் அப்படித்தான் என்று இந்த ஊரார் நம்பினார்கள்.

இந்த வேலை டேவிட்சன் குடும்பத்தோடு தொடங்கியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கரையின் சொந்தக்காரர் யுவின் இனத்தவரான தாவா மக்கள். செத்துப்போன தங்கள் ஆட்களே ஓர்காவாகப் பிறந்து வருவதாக அவர்கள் எண்ணினார்கள். வள்ளம் வலித்தவர்களில் பலர் அவர்களே. ஒவ்வோர் ஓர்காவுக்கும் முதுகுச் செட்டையின் வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தார்கள்: ஹூக்கி, ஹம்பி, கூப்பர், டைப்பீ, டொம். 1900ஐ அண்டிய ஒரு நாளில் டைப்பீ கரையில் சிக்கிக் கிடந்தபோது வழிப்போக்கன் ஒருவன் அதைக் குத்திக் கொன்றான். அதன் பிறகு ஓர்காக்களின் வரவு குறைந்தது என்று தாவா மக்களின் வழிவழிக் கதை சொல்கிறது.

டொம்மின் தாடையில் ஒரு பக்கப் பற்கள் தேய்ந்திருக்கின்றன. வள்ளத்தின் கயிற்றைப் பல்லால் பிடித்து இழுத்து விளையாடியதால் வந்த தேய்மானம் என்பார்கள். கடைசிக் காலத்தில் லோகன் என்ற பண்ணையாளர், புயல் வருகிறது என்று பயந்து, பங்கு கொடுக்காமல் திமிங்கிலத்தை இழுத்துப் போகப் பார்த்தாராம். டொம் மறுபக்கம் பிடித்து இழுத்ததில் பல் உடைந்தது. நூதனசாலைக்கு முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் அந்த லோகன்தான் என்று வாசித்தபோது அண்ணா என்னைப் பார்த்தார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

2023ஆம் ஆண்டு டொம்மின் எலும்பிலும் பல்லிலுமிருந்து மரபணு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வேலையில் தாவா வழித்தோன்றலான ஸ்டீவன் ஹோம்ஸ் என்பவரும் சேர்ந்திருக்கிறார். நியூசிலாந்துக் கடலில் உள்ள ஓர்காக்களோடு தூரத்து உறவு இருக்கிறது. ஆனால் டொம்மின் குடும்பம் என்று சொல்ல இந்தக் கரையில் எதுவும் மிஞ்சவில்லை என்பதே முடிவு.

மகளுக்கு ஆறு வயது. "அப்பா, டொம்மின்ர அம்மா எங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு கேபினில் பிள்ளைகள் நித்திரையான பிறகு அண்ணாவின் மூத்த மகன் தன் கொம்பியூட்டரில் தேடித் தேடி வாசித்துச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். திரும்பி வந்த பின் நானும் நூலகத்தில் கேட்டு வாசித்தேன்.

ஓர்காக் குடும்பத்துக்குத் தலைவி தாய். அமெரிக்கா, கனடாவின் மேற்குக் கரையோரம் மீன் மட்டுமே தின்னும் ஓர்காக்கள் உண்டு. அவற்றில் மகனோ மகளோ சாகும்வரை தாயை விட்டுப் போவதில்லை. மகன் வேறு குடும்பத்துப் பெண்ணோடு கூடுவான்; கூடிவிட்டுத் தாயிடமே திரும்புவான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பேச்சு உண்டு, யாழ்ப்பாணத்துப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் போல. பெண் ஓர்கா எண்பது வயதுக்கு மேலும் வாழக்கூடும். பிள்ளைப்பேறு நின்ற பிறகும் கிழவியாக முன்னால் நீந்தி, மீன் குறைந்த காலத்தில் எங்கே மீன் கிடைக்கும் என்று காட்டும். பிடித்த மீனைப் பேரப்பிள்ளையோடு பகிரும். 2012இல் விஞ்ஞானிகள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். முப்பது வயது கடந்த ஆண் ஓர்காவின் தாய் இறந்துவிட்டால், தாய் உள்ள ஆணைவிட அடுத்த ஒரு வருடத்துக்குள் அது சாகும் வாய்ப்பு பதினான்கு மடங்கு.

பெறாமகன் இதை வாசித்தபோது அண்ணி, "நிப்பாட்டு தம்பி" என்றா. அண்ணாவுக்கு முப்பத்தெட்டு. எனக்கு முப்பத்து மூன்று.

இப்படிப்பட்ட பிராணியைத்தான் தொட்டியில் போட்டு வைத்தார்கள். 1970ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் திகதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பென் கோவ் என்ற இடத்தில், வள்ளமும் விமானமும் வெடியும் கொண்டு ஓர்காக் கூட்டத்தைத் துரத்தி வலைக்குள் மறித்தார்கள். பெரியவற்றை வேண்டாமென்று விட்டு ஏழு குட்டிகளைத் தெரிந்தெடுத்தார்கள். நாலு குட்டிகளும் ஒரு பெரிய பெண்ணும் வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தன. பிடிபட்ட குட்டிகளைத் தூக்கி முடியும் வரை, வலைக்கு வெளியே விடுபட்டவை அந்த இடத்தை விட்டுப் போகாமல் நின்று சத்தமிட்டன என்று கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குட்டிகளை உலகம் முழுவதும் விற்றார்கள். ஒன்று நாங்கள் வாழும் இந்த அவுஸ்திரேலியாவுக்கும் வந்தது. 1987க்குள் அந்த ஏழில் ஆறு செத்து விட்டன.

மிஞ்சியது டொக்கிட்டே. மயாமி நகரத் தொட்டியில் அதற்கு லொலிற்றா என்று பெயர் மாற்றினார்கள். நாலு வயதளவில் பிடிபட்டது. 24 மீற்றர் நீளமும் 18 மீற்றர் அகலமும் உள்ள தொட்டி. கடலில் ஒரு நாளைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேலும் நீந்தக்கூடிய உடம்பு. கூட இருந்த ஹியூகோ என்ற ஆண் ஓர்கா சுவரில் தலையை இடித்துக் கொள்ளும் வழக்கமுடையது. அது 1980இல் இறந்தது. அதன் பிறகு 43 வருடம் டொக்கிட்டே தன் இனத்தில் இன்னொன்றைக் காணவில்லை. ஆனாலும் தன் குடும்பத்துப் பேச்சை அது மறக்கவில்லை என்று அதன் ஒலியைக் கேட்டறிந்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கடலின் சொந்தக்காரரான லுமி மக்கள் தங்கள் உறவு என்று சொல்லித் திரும்பக் கேட்டார்கள். 2023 மார்ச்சில், கொண்டுபோய்ச் சொந்தக் கடலில் விடுவோம் என்று அறிவிப்பு வந்தது. ஓகஸ்ட் 18ஆம் திகதி அது தொட்டியிலேயே இறந்தது. சாம்பலைத்தான் லுமி மக்கள் கடலில் கரைத்தார்கள். அதன் தாய் என்று கருதப்பட்ட ஓஷன் சன் என்னும் கிழட்டு ஓர்கா அந்த வருடமும் அந்தக் கடலில் உயிரோடு நீந்திக் கொண்டிருந்தது.

அதை வாசித்து முடிந்ததும் அண்ணா கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றார்.

எங்கள் விசயம் இதுதான். 2012இல் நான் கடலால் வந்தேன். அண்ணா எனக்கு முன்னம். 2023 மாசியில் தற்காலிக விசாக்காரருக்கு நிரந்தர விசா என்று அறிவிப்பு வந்து, எங்களுக்கு அது கிடைத்தும் விட்டது. அம்மா தங்கச்சியோடு முல்லைத்தீவில். எழுபது நெருங்குகிறது, சீனி வருத்தம். ஊருக்குப் போக எனக்கு இன்னும் மனம் துணியவில்லை. அம்மாவைத் திருச்சிக்குக் கூப்பிட்டு அங்கே சந்திக்கலாம். ஆனால் இரண்டு குடும்பத்துக்கும் ரிக்கற், வீட்டு வாடகை, அம்மாவின் பாஸ்போட் என்று கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். வீடு வாங்கக் கட்டுப்பணம் சேர்க்கிறோம், அடுத்த வருடம் பார்ப்போம் என்று இரண்டு வருடமாகத் தள்ளியவன் நான்தான். அண்ணா அல்ல.

உள்ளே வந்து அண்ணா கேட்டார்: "தையிலயா, சித்திரையிலயா?"

"தை" என்றேன். மனைவி கொப்பியை எடுத்துக் கணக்கு எழுதத் தொடங்கினா. அண்ணி தன் பங்காக விமானச் செலவில் அம்மாவுடையதை ஏற்பதாகச் சொன்னா. தங்கச்சியும் கூட வரவேண்டும் என்றதில் மட்டும் சிறு வாக்குவாதம். அவளும் வருகிறாள்.

அடுத்த நாள் வெளிக்கிடுமுன் குடாவைப் பார்க்கும் மேட்டில் நின்றோம். புரட்டாதி, ஐப்பசியில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டிகளோடு தெற்கே போகும் காலம். வெகு தூரத்தில் இரண்டு தடவை நீர்த்தூவல் எழும்பியது. பிள்ளைகள் கத்தினார்கள். வள்ளத்தில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள், குடும்பமாகப் போனால் செலவுதான்; மேட்டில் நின்று பார்க்கக் காசு இல்லை. தடித்த ஜக்கற் கொண்டு போங்கள்.

அங்கிருந்தே அம்மாவுக்கு வீடியோவில் எடுத்தோம். நாலு பிள்ளைகளும் திரைக்கு முன்னால் முண்டியடித்தார்கள். திருச்சிக் கதையைச் சொன்னோம். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, போனைத் திருப்பிக் கடலைக் காட்டச் சொன்னா. காட்டினேன்.

"காத்துக் கடுமையாக்கிடக்கு மோனே. வள்ளம் ஒண்டும் இறக்கேல்லையோ? அங்க இப்ப என்ன மீன் படுகுது?" என்று கேட்டா.