தியத்தலாவைக் குளிர்

கஹவத்தையிலிருந்து பெல்மதுளை, பலாங்கொடை வழியாகத் தியத்தலாவைக்கு ஏறுந்தோறும் இரண்டு முகாம்கள் எம் நினைவில் எழும். 1900 இல், தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் வீரர் ஆயிரக்கணக்கானோரை ஆங்கிலேயர் அங்கே முள்வேலிக்குள் அடைத்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலோ, திருக்கோணமலை வெயிலிலும் போர்க்கப்பலின் நெருக்கத்திலும் உழன்ற தம் கடற்படையினரை அதே மலைக்கு ஓய்வுக்கென அனுப்பினர். உயரம் ஏறத்தாழ 4,000 அடி; பனியும் காற்றும் ஒன்றே. முன்னவர்க்கு அது சிறை, பின்னவர்க்கு மருந்து! கம்பளிக்குள் அச்சமின்றி உறங்கி, உடனுழைத்த தோழருடன் அளவளாவும் நாள்களின் அருமையை, ஒரே விடுதியில் உண்டு வளர்ந்த நாம் ஓரளவு அறிவோம்.

2009 இல் முடிந்த உள்நாட்டுப் போரிலிருந்து மீண்ட எம் மாவட்டத்துச் சிங்கள இளைஞரையும், அவ்வாண்டே முள்வேலிக்குள் வாழ்ந்த வன்னித் தமிழரையும் எண்ணுகின்றோம். இருசாராரையும் ஒரு தைப் பனியில் அம்மலைக்கு ஒருங்கே அழைத்துச் செல்வார் உளரோ?