குழந்தைகளோடு மீன் பிடிக்கப் போகலாம், வாங்க!
மயிலைக் குளத்திலிருந்து பெசன்ட் நகர் கடற்கரை வரை, மூன்று மாலைகள்

லீவு விட்டு நாலு நாள் ஆகவில்லை, அதற்குள் "அம்மா, போரடிக்குது!" என்று ஆரம்பித்துவிட்டதா உங்கள் வீட்டு வாண்டு? டி.வி.யும் செல்போனும்தான் கதி என்று விட்டுவிடாதீர்கள். கையில் ஒரு துணிப்பை, அதில் ஒரு நோட்டு, நாலு கலர் பென்சில், குடிக்கத் தண்ணீர்... இவ்வளவு போதும். மீன் பிடிக்கப் போகலாம்!

தூண்டிலும் வேண்டாம், வலையும் வேண்டாம். கண்ணால் பிடித்து, வீட்டுக்கு வந்து கையால் செய்கிற மீன்கள் இவை. சைவச் சமையல் வீட்டுக்காரர்களும் தாராளமாக வரலாம்.

இன்றைய குழந்தைக்கு எங்கோ பவளப் பாறையில் நீந்தும் ஆரஞ்சு வரி மீனைத் தெரிகிறது; கார்ட்டூன் படம் பார்த்திருக்கிறதே! ஆனால் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி தூரத்தில் இருக்கும் நம் கடலில் என்னென்ன மீன் என்று கேட்டால் முழிக்கிறது. பேர் தெரியாத உயிரிடம் அன்பு எப்படி வரும்? அன்பு இல்லாவிட்டால், அது வாழும் தண்ணீரில் குப்பை போடாதே என்று நாம் சொல்வதும் காதில் ஏறாது. கத்தரிக்கோலும் கோந்தும் எடுப்பதற்கு முன்னால் மீன் இருக்கும் இடத்தைப் போய்ப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

முதல் மாலை: மயிலாப்பூர்

கபாலீசுவரர் கோயிலின் பெரிய கோபுரம் கிழக்கே, குளம் மேற்கே. தைப்பூசத்தை ஒட்டித் தெப்பம் விடுவதும் இங்கேதான். படிக்கட்டு வழுக்கும், குழந்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு நாலு படி மேலேயே உட்காருங்கள். யாராவது பொரி போட்டால் போதும், கெண்டை மீன்கள் கூட்டமாய் வாயைத் திறந்துகொண்டு வரும்.

"நல்லா பாரு. மீனோட முதுகு என்ன கலர்? வயிறு என்ன கலர்?" என்று கேளுங்கள். முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும். மேலேயிருந்து பார்க்கும் பறவைக்குக் கறுத்த முதுகு தண்ணீரோடு கலந்துவிடும். கீழேயிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு வெளுத்த வயிறு வானத்து வெளிச்சத்தோடு கலந்துவிடும். அதற்காகத்தான் அப்படி! வாலைப் பக்கவாட்டில் வீசித்தான் மீன் முன்னே போகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓவியத்தில் வால் செங்குத்தாக இருக்க வேண்டிய காரணம் அப்போது தானாகவே புரியும்.

படியில் உட்கார்ந்தபடியே ஒரு கதை சொல்லலாம். பங்குனி அறுபத்துமூவர் விழாவில் பல்லக்கில் வலம் வரும் நாயன்மார்களில் ஒருவர் அதிபத்தர், நாகப்பட்டினத்துப் பரதவர். தினமும் வலையில் கிடைக்கும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கு என்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரு சமயம் நாளுக்கு ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. வீட்டில் பட்டினி. ஆனாலும் அந்த ஒன்றையும் விட்டுவிடுவார். கடைசியில் ஒருநாள் பொன்னும் மணியுமாய் ஜொலிக்கும் மீன் கிடைக்கிறது. அதையும் "இது அவருக்கு" என்று கடலில் விட்டாராம். "நீயா இருந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டுப் பாருங்கள். குழந்தைகள் சொல்லும் பதில் சில சமயம் நம்மையே யோசிக்க வைக்கும்.

வடக்கு மாட வீதி வழியாகத் திரும்புங்கள். நவராத்திரிக்கு முன் இந்த வீதியில் கொலுப் பொம்மைக் கடைகள் வரிசை கட்டும். தசாவதார செட்டில் முதல் பொம்மையே மச்சாவதாரம்தான். ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழாவின்போது கோலப் போட்டி நடப்பதும் இந்த வீதியில்தான். ஆகவே வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, மீன் கோலம்.

புள்ளியே வேண்டாம், நாலு வயசுக் குழந்தைகூடப் போடும். வாலின் மேல் நுனியில் ஆரம்பித்துக் கீழ்ப்பக்கமாக இறங்கி, வயிற்றுப் பக்கம் வளைந்து, வாயைச் சுற்றி, முதுகு வழியாகத் திரும்பி, ஆரம்பக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வாலின் கீழ் நுனியில் முடிக்க வேண்டும். கை எடுக்காமல் ஒரே கோடு! வால் நுனிகளை ஒரு சின்னக் கோட்டால் இணைத்து, ஒரு புள்ளி வைத்தால் கண். நடுவில் ஒரு விளக்கை வைத்து, நாலு திசையிலிருந்தும் நாலு மீன்கள் அதைப் பார்த்து வருவதுபோல் போட்டால் வெள்ளிக்கிழமைக் கோலம் ரெடி. பச்சரிசி மாவிலேயே போடுங்கள்; எறும்புக்கும் குருவிக்கும் ஆகும். மஞ்சள் நிறத்துக்கு மாவில் மஞ்சள்பொடி, சிவப்புக்குச் செம்மண்.

மீன் மார்க்கெட்டும் கல்யாணப் பத்திரிகையும்

கோயிலிலிருந்து கச்சேரி ரோடு வழியாகக் கிழக்கே போனால் சாந்தோம், அதைத் தாண்டினால் மெரினா லூப் ரோடு. வெயிலில் ரோட்டோரத்தில் உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்த நொச்சிக்குப்பத்துப் பெண்களுக்காகக் கட்டப்பட்ட மீன் அங்காடி 2024-ல் திறக்கப்பட்டது. வாடை பிடிக்காதவர்கள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொள்ளலாம். ஆனால் குழந்தைக்கு இதைவிட நல்ல மீன் பாடப் புத்தகம் கிடையாது.

"இன்னாம்மா, மீன் வோணுமா?"

"இல்லம்மா, குழந்தை சும்மா பேர் தெரிஞ்சுக்கணும்னு வந்திருக்கா."

"அதுக்கின்னா, கேளு கண்ணு! தோ, இது வவ்வாலு. இது வஞ்சிரம். செவப்பா கீதே, அது சங்கரா. இந்தப் பொடி நெத்திலி."

கூட்டமில்லாத நேரமாகப் போனால் இப்படி அலுக்காமல் சொல்லித் தருவார்கள். வியாபாரம் மும்முரமாய் இருக்கும்போது போய் நின்று இடைஞ்சல் பண்ண வேண்டாம்.

இப்போது வடிவத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வவ்வால், டைமன் பர்ஃபி. வஞ்சிரம், இரண்டு பக்கமும் கூர் சீவின பென்சில். நெத்திலி, வெள்ளிக் கம்பி. சங்கரா ஏன் சிவப்பு தெரியுமா? கடலின் ஆழத்துக்குச் சூரிய வெளிச்சத்தின் சிவப்பு நிறம் போய்ச் சேராது. அங்கே சிவப்பு மீன் மங்கிக் கறுத்துத்தான் தெரியும். எதிரி கண்ணில் படாமல் தப்பிக்கலாம்.

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாய் இருக்குமே, அவற்றை எடுங்கள். கெட்டி அட்டையில் வவ்வால் வடிவம் வெட்டி, ஒரு முனையில் V போல வால் ஒட்டவும். பளபளப்பான பகுதிகளிலிருந்து ஐந்து பைசா அளவு வட்டங்கள் நிறைய வெட்டிக்கொள்ளவும். இவைதான் செதில். ஒட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. வால் பக்கத்திலிருந்து ஆரம்பித்துத் தலைப் பக்கம் வரவேண்டும். ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையின் மேல் பாதி ஏறியிருக்க வேண்டும். ஓட்டு வீட்டில் ஓடு வேய்வதுபோல! அப்போதுதான் செதிலின் விளிம்பு வாலைப் பார்த்து இருக்கும். நிஜ மீனிலும் அப்படித்தான். எதிர்த்திசையில் இருந்தால் தண்ணீர் தடுக்குமே. வட்டம் வெட்டக் கை வராத சின்னக் குழந்தைக்குப் பிஸ்தா ஓடுகளைக் கொடுங்கள். அவையும் அழகான செதில்கள்.

ஜிகினாத் தூள் மட்டும் வேண்டாம். அது பெரும்பாலும் பொடிப் பொடியான பிளாஸ்டிக். கை கழுவும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய், அங்கிருந்து கடலுக்குப் போய், நாம் எந்த மீனைச் செய்தோமோ அதன் வயிற்றிலேயே சேரும். மிட்டாய் சுற்றி வரும் வெள்ளித் தாளை மடித்து எடுத்து வைத்தால் அதைவிட நன்றாக மின்னும்.

இரண்டாம் மாலை: ஏரிக்குள் ஒரு தி. நகர்

பாண்டி பஜாரில் மீனுக்கு என்ன வேலை என்கிறீர்களா? நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே மீன்தான் இருந்தது! 'லாங் டேங்க்' என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த நீண்ட ஏரி இந்தப் பக்கம் முழுவதும் பரந்திருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதில் படகுப் பந்தயம்கூட நடந்தது. 1920-களில் ஏரியைத் தூர்த்து மனை போட்டு, சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரை வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. வியூ இருக்கிறது, லேக்தான் இல்லை! பெருமழை பெய்தால் தி. நகரில் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று குழந்தை கேட்டால், பதில் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தண்ணீருக்குத் தன் பழைய வீடு மறக்காது.

2019-ல் பாண்டி பஜார் நடைபாதையை அகலப்படுத்தியபின் குழந்தைகளோடு நடக்கச் சௌகரியம். ரங்கநாதன் தெருவுக்குக் கூட்டிப் போவதானால் காலை நேரத்திலேயே போய்விடுங்கள். நமக்கு வேண்டியது ஜரிகை, கலர் நூல், கொஞ்சம் வெட்டுத்துணி. தெரிந்த தையல்காரரிடம் கேட்டால் ரவிக்கை தைத்து மிஞ்சின துண்டுகளைச் சும்மாவே கொடுப்பார்.

இவற்றில் செய்யப் போவது காற்று மீன். ஜப்பானில் மே 5-ந் தேதி குழந்தைகள் தினம். அன்று வீட்டு வாசலில் கம்பு நட்டு, துணிக் கெண்டை மீன்களைப் பறக்க விடுவார்கள். காற்று வாய் வழியாகப் புகுந்து வால் வழியாக வெளியேறும்போது மீன் உப்பி நீந்தும். அருவியை எதிர்த்து ஏறும் கெண்டையைப் போலக் குழந்தை துணிச்சலாய் வளர வேண்டும் என்பது அதன் பொருள். நமக்கும் கெண்டை அந்நியமா என்ன? பாண்டியன் கொடியில் பறந்ததே கயல்தானே!

15 அங்குல நீளம், 9 அங்குல அகலம் உள்ள மெல்லிய துணி ஒன்று. பழைய வளையல் ஒன்று. துணியின் ஒரு முனையை வளையலைச் சுற்றி மடித்துத் தைக்கவும். இதுதான் வாய். நீளவாட்டில் இரு ஓரங்களையும் சேர்த்துக் குழாயாகத் தைக்கவும். வால் பக்கம் வரவரக் குறுகலாக இருக்கட்டும். ஆனால் நுனியை மூடிவிடாதீர்கள். மூடினால் மீன் பலூன் மாதிரி உப்புமே தவிர நீந்தாது. பட்டுத் துண்டுகளில் அரைவட்டச் செதில், கறுப்பு பட்டனில் கண். வளையலில் சம இடைவெளியில் மூன்று நூல் கட்டி, மூன்றையும் சேர்த்து ஒரு குச்சியில் முடிச்சுப் போட்டால் தீர்ந்தது. ஊசி வேலை அம்மாவுக்கோ பாட்டிக்கோ. கலர் தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தைக்கு மட்டும்!

மூன்றாம் மாலை: அடையாறும் அலையும்

காற்று மீனைப் பறக்க விடப் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு வாருங்கள். பிற்பகலுக்குமேல் கடல் காற்று நன்றாக வீசும். வெள்ளை வளைவாய் நிற்கும் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் யாருக்கு என்றும் சொல்லுங்கள். 1930-ல் நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரைக் கொடுத்த டென்மார்க் மாலுமி அவர். அலை எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் குழந்தைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம் என்று இதற்குமேல் நான் சொல்லவும் வேண்டுமா!

கடற்கரையோடு வடக்கே நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம். இசையையும் நாட்டியத்தையும் சபாவை விட்டு மீனவர் தெருவுக்கே கொண்டுவந்த குப்பத்து விழா 2015-ல் இங்கேதான் தொடங்கியது. குப்பத்துக்கு அப்பால் அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் இந்த இடத்தில் மீன் குஞ்சுகள் வளரும். ஊரெல்லாம் வீசின பிளாஸ்டிக்கும் ஆற்றோடு வந்து இதே இடத்தில்தான் சேர்கிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை; தடை இருந்தும் கரையில் என்ன கிடக்கிறது என்று குழந்தையே எண்ணிப் பார்க்கட்டும்.

கோடை லீவில் வந்தால் இன்னொன்றும் சொல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்றுதான் இந்தத் தடை. குப்பத்துச் சின்ன ஃபைபர் படகுகளுக்கு இது கிடையாது. "உனக்கு லீவு விட்ட மாதிரி மீனுக்கும் லீவு" என்றால் குழந்தைக்குச் சட்டென்று பிடிபடும்.

மணலில் உட்கார்ந்து சுழல் மீன் செய்யலாம். ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளத்தில் காலண்டர் தாளிலோ தென்னங்கீற்றிலோ ஒரு நாடா. இரு நுனிகளிலிருந்தும் ஒரு அங்குலம் தள்ளி, பாதி அகலம்வரை ஒரு வெட்டு. ஒன்று மேல் விளிம்பிலிருந்து, மற்றது கீழ் விளிம்பிலிருந்து. நாடாவை வளைத்து, வெட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் மீன்! தலைக்கு மேலே தூக்கிப் போட்டால் கிறுகிறுவென்று சுழன்று இறங்கும். விழுந்ததை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவதும் விளையாட்டில் சேர்த்திதான்.

பக்கத்தில் குப்பத்துக் குழந்தைகள் வேடிக்கை பார்த்தால் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் குழந்தை மடிக்கக் கற்றுக் கொடுக்கும். அவர்கள் மீன் பேர் கற்றுக் கொடுப்பார்கள். மத்தி, காரப்பொடி, மடவை, கெளுத்தி என்று மூச்சு விடாமல் சொல்லும் அந்த வாத்தியார்களுக்குப் பத்து வயசுகூட ஆகியிருக்காது. கல்யாணப் பத்திரிகை வவ்வாலை மறக்காமல் எடுத்துப் போய்க் காட்டுங்கள். வால் சரியில்லை என்று சொன்னால், கோணாமல் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கைப்பக்குவம் ஒன்று. கடையில் கோந்து வாங்க வேண்டாம். இரண்டு ஸ்பூன் மைதாவை அரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளறி இறக்கவும். பூச்சி வராமலிருக்க அந்தக் காலத்தில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், குழந்தைகள் கை வைக்கும் பசையில் கூடவே கூடாது. அதற்குப் பதில் நாலு சொட்டு வேப்பெண்ணெய் விட்டால் போதும். வாடை கொஞ்சம் அடிக்கும்... மீன் மார்க்கெட்டையே பார்த்துவிட்டு வந்த குழந்தைக்கு இதெல்லாம் ஒரு வாடையா!